ஏர்த்சீ தொடராக வந்தால்: எங்கள் ஊர்க் கடலோடிகளின் கண்ணுக்குத் தேறுமா?

பாய்மரம் (இழையைத் தொடங்கியவர்)

உர்சுலா லெ குவினின் ஏர்த்சீ புத்தகங்களைத் தொலைக்காட்சித் தொடராக எடுக்கப்போகிறோம் என்று தயாரிப்பாளர் ஜெனிபர் ஃபொக்ஸும் ஏ24 நிறுவனமும் 2019இல் அறிவித்தார்கள். அறிவித்ததோடு சரி. ஒரு காட்சிகூட நம் கண்ணில் படவில்லை. அதற்காக ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? யார் நடிப்பது, எத்தனை பகுதி, டிராகன் எவ்வளவு பெரிது என்று ஊர் உலகமெல்லாம் கதைக்கிறது. திருகோணமலையிலும் இவற்றைப் படித்தவர்கள் நாலு பேர் இருக்கிறோம். நாமும் கதைப்போம்.

படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம். பெருநிலம் என்று ஒன்றும் இல்லாத உலகம் அது. எங்கு பார்த்தாலும் தீவுகள், நடுவில் கடல். கொன்ட் என்ற மலைத்தீவில் ஆடு மேய்த்த பையன் கெட். மந்திரம் படிக்க ரோக் தீவுக்குப் போகிறான். கூடப் படிப்பவனிடம் வீம்பு காட்டப்போய், எழுப்பக் கூடாத ஒன்றை எழுப்பிவிடுகிறான். அந்த நிழல் அவனைத் துரத்துகிறது. பிறகு ஒரு கட்டத்தில் அவன் திரும்பி நின்று அதைத் துரத்துகிறான். அந்தத் துரத்தலில் பெரும்பகுதி ஒரு சின்னத் தோணியில் நடக்கிறது. முதல் புத்தகம் 1968இல் வந்தது.

டிராகனை இன்றைக்கு யாரும் செய்துவிடுவார்கள். எனக்குக் காற்றில்தான் சந்தேகம்.

என் சித்தப்பா இளந்தாரியாக இருந்தபோதே கடலுக்குப் போகத் தொடங்கியவர். ஒருநாள் வீட்டில் ஒரு கடல் படம் ஓடிக்கொண்டிருந்தது. பெயர் வேண்டாம். புயலில் கப்பல் தத்தளிக்கிறது, நாங்கள் வாயைப் பிளந்து பார்க்கிறோம். சித்தப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பாய் அந்தப் பக்கம் புடைக்குது, உச்சியில கொடி இந்தப் பக்கம் பறக்குது. கொடிக்கு ஒரு காத்து, பாய்க்கு ஒரு காத்தா?" என்று கேட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டார். அதன்பிறகு எனக்கும் அந்தப் படத்தில் கொடியைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

இப்போது ஏர்த்சீக்கு வாருங்கள். அங்கே மந்திரவாதி தன் பாய்க்கென்று தனியாக ஒரு காற்றை வரவழைப்பான். கடலில் அடிப்பது உலகக் காற்று, பாய்க்குள் அடிப்பது மந்திரக் காற்று. சித்தப்பா பிழை என்று எழும்பிப் போன அதே காட்சிதான் அங்கே மந்திரம்! கையில் நீல வெளிச்சமும் வேண்டாம், வானத்தில் பொறியும் வேண்டாம். அலைத்தலை எல்லாம் ஒரு திசையில் உடைய, ஒரே ஒரு தோணி மட்டும் பாய் புடைத்து அதற்கு எதிரே வரட்டும். பக்கத்தில் ஒரு கடற்காகம் முன்னேற முடியாமல் அந்தரத்தில் நின்று அடித்துக்கொள்ளட்டும். கடல் தெரிந்தவனுக்கு மயிர் கூச்செறியும். தெரியாதவனுக்கும் இங்கே ஏதோ சரியில்லை என்று படும்.

ஆனால் இது பலிக்க வேண்டுமென்றால் மற்ற எல்லாக் காட்சியிலும் காற்று சரியாக இருக்க வேண்டும். தொட்டிக்குள் தோணியைக் கட்டிவைத்து, மின்விசிறியை எந்தப் பக்கம் இடமிருக்கிறதோ அந்தப் பக்கம் வைத்து எடுத்தால், எது மந்திரம், எது கவனக்குறைவு என்று யாருக்குத் தெரியும்? அங்கேதான் கோட்டை விடுவார்கள் என்பது என் ஊகம். உங்களுடையது என்ன?

கோட்டைமான்

அண்ணா, நான் ஒட்டாக்கைப் பற்றிக் கதைக்க வந்தேன். நீங்கள் வானிலை அறிக்கை வாசிக்கிறீர்கள்.

கெட்டோடு திரியுமே, அந்தச் சின்னப் பிராணி. தொடர் வந்தால் முதலில் பொம்மையாக்கி விற்பது அதைத்தான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் அதற்குக் கண் பெரிது, சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பல் பொல்லாதது, குணமும் பொல்லாதது, குரல் அறவே கிடையாது. தொடரில் அதைக் கீச்சுக்கீச்சென்று கத்தவிட்டால் அன்றைக்கே சந்தாவை நிறுத்திவிடுவேன்.

பாய்மரம்

உன் சந்தாவா, உன் அக்காவின் சந்தாவா?

கோட்டைமான்

அது குடும்ப விஷயம்.

உப்புவெளி வாசகி

காற்று, ஒட்டாக் எல்லாம் இருக்கட்டும் தம்பிமாரே. முதலில் ஆட்களின் நிறத்தைச் சரியாக வைப்பார்களா என்று கேளுங்கள்.

கெட் செம்பழுப்பு. அவனுடைய உற்ற நண்பன் வெட்ச் நல்ல கறுப்பு. தீவுக்கூட்டத்து மக்களில் பெரும்பாலானோர் இப்படித்தான். வெள்ளைத்தோலும் பொன்முடியும் உள்ளவர்கள் கார்காட் நாட்டுக்காரர்கள். முதல் அத்தியாயத்திலேயே வாளோடு வந்து ஊரைக் கொளுத்துபவர்கள் அவர்கள். 1968இல், அமெரிக்காவில், சிறுவர்களுக்கான ஒரு புத்தகத்தில் இப்படி எழுதினார் அந்த மனுசி. அதையும் முழக்கமிடாமல், போகிற போக்கில். வாசகன் பாதிப் புத்தகத்துக்கு கெட்டோடு சேர்ந்து நடந்த பிறகுதான், அட, இவன் என்னைப்போல, அல்லது இவன் என்னைப்போல இல்லை, என்று அவனுக்கு உறைக்கும்.

2004 டிசம்பரில் அமெரிக்காவின் சை ஃபை சனல் இதை இரண்டு இரவுத் தொடராகப் போட்டது. கெட்டாக வந்தவர் ஷோன் ஆஷ்மோர், வெள்ளைக்காரப் பையன். கெட்டின் வாத்தியார் ஓகியனாகக் கறுப்பு நடிகர் டேனி குளோவர். நாலு பேரை இப்படி நிறத்தோடு வைத்துவிட்டு மீதியெல்லாம் வெள்ளை. லெ குவின் சும்மா இருக்கவில்லை. தன் ஏர்த்சீக்கு வெள்ளையடித்துவிட்டார்கள் என்று ஸ்லேட் இதழில் கட்டுரையே எழுதினார். போதாக்குறைக்கு கெட்டின் மெய்ப்பெயரையும் கூப்பிடும் பெயரையும் அப்படியே மாற்றிப் போட்டார்கள். உயிருக்கு நிகரான, நம்பினவருக்கு மட்டும் சொல்லும் பெயரை ஊரெல்லாம் கூப்பிடுகிறது! ஒரு பக்கம் படித்தவன்கூடச் செய்யாத வேலை.

அது ஓடிய மாதம் முடிவதற்குள் எங்களுக்குக் கடல் வேறொன்றைக் காட்டிவிட்டது. அந்த நேரம் யார் தொடர் பார்த்தார்கள். நான் பல வருடம் கழித்துத்தான் பார்த்தேன். பார்க்காதவர்கள் ஒன்றும் இழக்கவில்லை.

புதுத் தொடரில் கெட்டுக்கு மட்டும் பழுப்புநிற நடிகரைப் போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று கைகழுவக் கூடாது. ஹவ்னோர் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர்கள், மீன் விற்பவர்கள், அரண்மனைக்காரர்கள், எல்லாரும் அப்படித்தான் இருக்க வேண்டும். திரையின் ஓரத்தில் நிற்கும் ஆளைப் பார்த்துத்தான் நான் தீர்ப்புச் சொல்வேன்.

கச்சான்காற்று

மட்டக்களப்பிலிருந்து ஒரு கேள்வி. இதையெல்லாம் சரியாகவே எடுத்தார்கள் என்று வைப்போம். யார் பார்ப்பது?

போர் கிடையாது. அரியணைச் சண்டை கிடையாது. எதிரி என்று பார்த்தால் அவனுடைய நிழல். வாத்தியார் ஓகியன் வாயே திறக்கமாட்டார். மழை பெய்தால்கூட மந்திரத்தால் விரட்டாமல் மரத்தடியில் போய்ப் படுக்கிற மனுசன். பிறகு பையன் தனியாகத் தோணியில் போகிறான். போகிறான். போய்க்கொண்டே இருக்கிறான். பணம் போட்டவன் இரண்டாம் பகுதியிலேயே, "இதுக்குள்ள ஒரு படையெடுப்பை வை" என்று சொல்லுவான். 2004இலும் அதுதான் நடந்தது. கார்காட் ராஜாவைப் பிடித்து வில்லனாக்கினார்கள். இந்த முறையும் அந்த ராஜா வருவார் என்பது என் ஊகம். பந்தயம் கட்ட ஆள் உண்டா?

பாய்மரம்

ஓகியன் மரத்தடியில் படுப்பதுதான் அந்தப் புத்தகத்தின் திறவுகோல் மச்சான். இங்கே மழையைத் தள்ளிவிட்டால் அது வேறொருவன் தலையில் போய் விழும். ரோக்கில் பெய்விக்கிற மழை ஒஸ்கில் தீவுக்கு வறட்சியாகலாம் என்று பள்ளியிலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். வாடைக்கு இங்கே வெள்ளம், அதே நேரம் கொழும்பில் வெயில். அந்தக் கணக்கு நமக்குப் புதிதா? பையனுக்கு அது விளங்கவில்லை, அதனால்தான் இவ்வளவு வில்லங்கம். நல்ல இயக்குநர் கையில் அந்த மழைக்காட்சி ஒரு போருக்குச் சமம்.

கச்சான்காற்று

நல்ல இயக்குநர் கையில் தேங்காய் துருவுவதும் போருக்குச் சமம். நான் கேட்டது பணம் போடுகிறவனைப் பற்றி.

மூதூர்க்காரன்

அஸ்ஸலாமு அலைக்கும். பார்த்துக்கொண்டே இருந்தேன், தோணி என்றதும் கை சும்மா இருக்கவில்லை.

பாய்மரம் தம்பி மந்திரக் காற்றைச் சொன்னார். நான் மந்திரம் இல்லாத பகுதியைச் சொல்கிறேன். பள்ளி முடித்த கெட்டுக்குக் கிடைக்கிற முதல் வேலை லோ டோர்னிங் என்ற ஏழைத் தீவில். அங்கே பெச்வாரி என்று ஒரு தோணி கட்டுகிறவர். கெட் அவருக்குத் தோணிக்கான மந்திரம் செய்து கொடுக்கிறான். அவர் கெட்டுக்கு மந்திரமில்லாமல் தோணி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறார். ரோக்கில் இவ்வளவு படித்தவனுக்கு அதை மட்டும் ஒழுங்காகப் படிப்பிக்கவில்லை. எனக்கு அந்தப் புத்தகத்திலேயே பிடித்த இடம் அது. பட்டம் முடித்துவிட்டு வள்ளத்தில் ஏறி, எந்தக் கயிற்றைப் பிடிப்பதென்று தெரியாமல் நிற்கிற பிள்ளைகளை நாங்களும் பார்க்கிறோம்தானே.

பெச்வாரியின் மகன் நோயில் கிடக்க, கெட் அவனைக் காப்பாற்ற மரணத்தின் எல்லைக்குள்ளேயே போகிற இடம் அடுத்து வரும். தொடர் எடுப்பவர்கள் நேராக அந்தக் காட்சிக்குத்தான் ஓடுவார்கள், அதில் எல்லா வித்தையும் காட்டலாம். ஆனால் அதற்கு முன்னால் இரண்டு பேரும் சேர்ந்து பலகை இழைத்ததை, ஒருவனுக்கொருவன் சிரித்துக் கதைத்ததை வடிவாகக் காட்டாவிட்டால் பிள்ளையின் சாவு யாருக்கு வலிக்கும்?

இன்னொன்று, லுக்ஃபார். கெட்டின் தோணி. கண்ணில் படலம் விழுந்த ஒரு கிழட்டு மீன்காரரிடமிருந்து வாங்குகிறான். காசுக்குப் பதிலாக அவர் கண்ணைச் சுகப்படுத்துகிறான். அந்தக் கிழவர், தோணியின் அணியத்தில் இரண்டு பக்கமும் கண் வரை, என் நன்றி அதற்குள்ளிருந்து உனக்குப் பாறை பார்த்துச் சொல்லும் என்கிறார். என் வாப்பாவுக்கு இந்த இடத்தை வாசித்துக் காட்டினேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை, "தோணி எத்தனை அடி?" என்று மட்டும் கேட்டார்.

உப்புவெளி வாசகி

நானா, அந்தக் கடைசி வரிக்காகவே உங்களுக்கு ஒரு பிளேன்டீ.

ஸ்காபரோத் திருமலையான்

கனடாவிலிருந்து எழுதுகிறேன். ஏன் யாரும் நம் ஊரிலேயே எடுக்கலாம் என்று சொல்லவில்லை? உள்துறைமுகம் இருக்கிறது, கொட்டியாரக் குடா இருக்கிறது, புறாமலை இருக்கிறது. சுவாமி மலையின் செங்குத்தைவிடப் பெரிய செட் யார் போடுவார்கள்? இராவணன் வெட்டுக்குக் கீழே தண்ணீர் கருநீலமாகக் கிடக்கும். அதில் ஒரு டிராகனை இறக்குங்கள்! செலிடோர் தீவு அதுதான் என்று நான் எப்போதோ முடிவுகட்டிவிட்டேன்.

கோட்டைமான்

செலிடோர் மேற்குக் கோடி அண்ணா. அங்கே சூரியன் கடலில் விழ வேண்டும். நமக்குக் கடலில் எழும்புகிறது. கமராவைத் திருப்பினால் தபால் கந்தோர்தான் தெரியும்.

பாய்மரம்

ஆனால் முதல் புத்தகத்தின் முடிவு கிழக்கே போகிறது. கடைசித் தீவான அஸ்டோவெல்லையும் தாண்டி, வரைபடத்தில் எதுவும் இல்லாத கடலுக்குள் கெட்டும் வெட்சும் போவார்கள். அதற்கு நம் கரை பொருந்தும். இங்கிருந்து நேர் கிழக்கே நிக்கோபார் வரைக்கும் வெறும் தண்ணீர்.

மற்றபடி நடைமுறை என்று பார்த்தால், உள்துறைமுகத்தில் கடற்படை இருக்கிறது, கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது. ஒரு ட்ரோன் பறக்கவிட எத்தனை கையெழுத்து வாங்க வேண்டும்? அதோடு கெட்டின் கடைசிப் பயணம் நடுக் குளிர்காலத்தில். நம் கடல் படப்பிடிப்புக்கு அமைதியாக இருப்பது சித்திரை வைகாசியிலிருந்து புரட்டாதி வரைக்கும்தான். அந்த வெயிலில் நடிகரைக் கம்பளி போர்த்தி நடுங்கச் சொன்னால் மயங்கி விழுவார்.

மூதூர்க்காரன்

கொட்டியாரக் குடாவுக்குக் கப்பலோடு வந்திருந்த ஆங்கில மாலுமி ரொபர்ட் நொக்ஸை 1660இல் கண்டி ராஜாவின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். மனுசன் திரும்பிப் போக ஏறக்குறைய இருபது வருடம் ஆனது. படப்பிடிப்புக் குழுவுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஸ்காபரோத் திருமலையான்

சரி சரி, தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். மூன்றாம் புத்தகத்தில் வரும் தெப்ப மக்களையாவது நிலாவெளிக்கு அப்பால் எடுக்கலாம். தெப்பங்களை ஒன்றாய்க் கட்டி நடுக்கடலிலேயே குடியிருக்கும் அந்தச் சனத்துக்கு இந்தச் சூடு பொருந்தும்.

சுவாமி மலை என்றதும் நினைவுக்கு வந்தது. ஆர்தர் சி கிளார்க்கும் மைக் வில்சனும் 1956இல் அந்தப் பாறைக்குக் கீழே சுழியோடித்தான் பழைய கோவிலின் சிதைவுகளைக் கண்டார்கள். அந்தக் கிளார்க் 1953இல் எழுதிய சைல்ட்ஹுட்ஸ் எண்ட் நாவல் தொடராக வந்தது 2015இல். போட்டது யார்? வாசகி அக்கா திட்டிய அதே சனல், பெயரின் எழுத்தை மட்டும் மாற்றிக்கொண்டு. எழுத்தாளர் உயிரோடு இல்லை. லெ குவினும் 2018 ஜனவரியில் போய்விட்டார். எனக்கு இதுதான் உறுத்துகிறது. அவர் இருந்தபோது தவறாக எடுத்தால் கட்டுரை எழுதிக் கிழித்தார். இனி யார் கிழிப்பது?

உப்புவெளி வாசகி

நாங்கள்தான்.

நெறியாளர்

நட்பாக ஒரு வேண்டுகோள். முதல் புத்தகத்தின் முடிவில் நிழலுக்கும் கெட்டுக்கும் என்ன நடக்கிறது என்பதை வெளிப்படையாக எழுத வேண்டாம். இழையைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் புத்தகம் தேடத் தொடங்கியிருக்கிறார்கள்.

கோட்டைமான்

1968இல் வந்த கதைக்கு என்ன ரகசியம்?

நெறியாளர்

நீ அதைப் படித்தது போன வருடம்.

உப்புவெளி வாசகி

இரண்டாம் புத்தகத்துக்கு வருவோம், என் நெஞ்சுக்கு நெருக்கமானது அதுதான். 1971இல் வந்த அட்டுவான் கல்லறைகள். டெனார் என்ற சிறுமியை வீட்டிலிருந்து பறித்து, பெயரையும் பறித்து, நிலத்துக்கடியில் இருக்கும் பெயரற்ற சக்திகளுக்குப் பூசாரியாக்குகிறார்கள். கல்லறைகளுக்கு அடியில் உள்ள குகையில் வெளிச்சம் கொண்டுபோவது பெருங்குற்றம். அவள் அந்த இடத்தைக் கையாலும் காலாலும்தான் அறிவாள். அதற்குப் பக்கத்தில் ஒரு பெரிய சுருள்வழி. திருப்பங்களை எண்ணி எண்ணி மனப்பாடம் செய்து நடப்பாள்.

இதைத் தொலைக்காட்சியில் எப்படிக் காட்டுவது? 2019இல் ஒரு பிரபல தொடரின் போர்ப் பகுதி இருட்டாக இருக்கிறது என்று உலகமே திட்டித் தீர்த்தது. அந்தப் பயத்தில் இவர்கள் குகைக்குள் எங்கிருந்தோ ஒரு நீல ஒளியைப் பாய்ச்சுவார்கள். எல்லாத் தொடரிலும் இருட்டு என்றால் நீலம்தானே. அப்படிச் செய்தால் கதையின் உயிர் போய்விடும். ஏனென்றால், அவள் அந்தக் குகையை முதன்முதலாகக் கண்ணால் பார்ப்பது கெட்டின் கோல் வெளிச்சத்தில். வாழ்நாளெல்லாம் கையால் தடவிய சுவர் பளிங்காய் மின்னுகிறது. இவ்வளவு அழகான இடத்திலா இருந்தேன் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதுவரை நாமும் பார்த்திருக்கக் கூடாது.

என் யோசனை: திரையை உண்மையிலேயே கறுப்பாக விடுங்கள். ஒலி மட்டும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரைக்கும் மின்வெட்டு இருந்ததே, அப்போது மெழுகுதிரியை மிச்சம் பிடிக்க நாங்கள் இருட்டிலேயே வீட்டுக்குள் நடந்தோம். விரல் சுவரில் ஓடும். சுவர் சொரசொரப்பாக மாறினால் குசினி வந்துவிட்டது. ஈரக் காற்று முழங்காலில் பட்டால் கிணற்றடிக் கதவு திறந்திருக்கிறது. அம்மா அலுமாரிப் பக்கம் வரும்போது மட்டும் கையைத் தூக்கிக்கொள்வார், கண்ணாடி இருக்கிறதென்று. இதை ஒலியால் செய்யலாம். ஒரு பகுதி முழுக்கக்கூட வேண்டாம், பத்து நிமிடம் துணிந்து செய்தால் போதும்.

கச்சான்காற்று

பத்து நிமிடம் கறுப்புத் திரை. எங்கள் வீட்டில் தொலைக்காட்சி பழுது என்று ஆளைக் கூப்பிட்டிருப்பார்கள்.

ஆனால் சொல்கிறேன், இந்த இழையில் வந்த யோசனைகளில் எனக்குப் பிடித்தது இதுதான்.

மூதூர்க்காரன்

பிபிசி வானொலி 1996இல் ஏர்த்சீயை நாடகமாகப் போட்டது. கதைசொல்லியாக ஜூடி டென்ச். வானொலிக்கு இருட்டும் சிக்கல் இல்லை, கொடியும் சிக்கல் இல்லை.

பாய்மரம்

நிறமும் சிக்கல் இல்லை. ஆனால் நமக்குப் படம் வேண்டியிருக்கிறதே நானா.

ஸ்காபரோத் திருமலையான்

படம் என்று பார்த்தால் இந்தக் கதைக்கு ராசியே இல்லை. எண்பதுகளில் மைக்கேல் பவல் என்ற பிரித்தானிய இயக்குநரோடு சேர்ந்து லெ குவினே முதலிரண்டு புத்தகங்களையும் திரைக்கதையாக எழுதினார், படமாகவில்லை. ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் ஹயாவோ மியாசாகி கேட்டபோது, அவருடைய படங்கள் எதையும் பார்த்திராததால் லெ குவின் மறுத்துவிட்டார். பிறகு அவருடைய டொட்டோரோ படத்தைப் பார்த்துவிட்டு, இவரென்றால் சரி என்றார். கடைசியில் அவர்களுடைய ஜிப்லி நிறுவனத்துக்காக எடுத்தது மகன் கோரோ. 2006. தொடக்கத்திலேயே இளவரசன் அரென் தன் தகப்பனைக் குத்திக் கொல்கிறான். புத்தகத்தில் அப்படி ஒரு சங்கதியே இல்லை.

உப்புவெளி வாசகி

ஜிப்லி படத்தில் வானமும் வயலும் அழகு. மற்றது எனக்குப் புரியவில்லை.

நான்காம் புத்தகமான தெஹானுவைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, நானே திறக்கிறேன். 1990இல், மூன்றாம் புத்தகம் வந்து 18 வருடம் கழித்து எழுதினார். கதைக்குள் பார்த்தால் மூன்றாம் புத்தகம் முடிகிற கட்டத்திலேயே இது ஓடிக்கொண்டிருக்கிறது. டெனார் இப்போது நடுவயது விதவை, கமக்காரி. தீயில் எரிக்கப்பட்ட ஒரு குழந்தையை எடுத்து வளர்க்கிறாள். உலகத்தின் தலைமை மந்திரவாதியாக இருந்த கெட் சக்தியெல்லாம் இழந்து டிராகன் முதுகில் வந்து விழுகிறான். வந்தவனுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, பிறகு அவனை ஆடு மேய்க்க அனுப்புகிற கதை அது. தொடர் எடுப்பவர்களுக்கு மூளை இருந்தால் மூன்றாம் பருவம் முடியுமுன்னரே நான்காவதைத் தொடங்கிவிடலாம். ஒரு பக்கம் கெட் மரணத்தின் நாட்டுக்குள் நடக்கிறான், மறுபக்கம் டெனார் பிள்ளையின் புண்ணுக்கு மருந்து போடுகிறாள்.

அதற்கு ஒரு நிபந்தனை. முதல் பருவத்தில் ரோக் பள்ளிக்குள் மாணவிகளைக் கொண்டுவந்து "திருத்த"க் கூடாது. பெண்களின் மந்திரம் பலவீனமானது, பெண்களின் மந்திரம் கெட்டது என்று கொன்ட் தீவில் பழமொழியே இருக்கிறது. ஆண்கள் மட்டும் படிக்கிற பள்ளி. அது உறுத்தத்தான் வேண்டும். அந்த உறுத்தல் இருந்தால்தான் தெஹானு திருப்பிக் கேட்கிற கேள்விக்கு வேலை உண்டு. நல்ல பெயர் எடுக்கவேண்டும் என்று அதை முதலிலேயே மழுப்பினால், பின்னால் டெனாருக்குக் கேட்க என்ன மிஞ்சும்?

கோட்டைமான்

ஆனால் அக்கா, 2001இல் வந்த கதைத்தொகுப்பில் பள்ளியைத் தொடங்கியதில் பெண்களும் இருந்தார்கள் என்று வருகிறதே. அந்தக் கதையை முதல் பகுதியாகப் போட்டால்?

உப்புவெளி வாசகி

போட்டால் பிறகு பெண் இல்லாத பள்ளியைப் பார்க்கும்போது, இவர்களை எப்போது வெளியே தள்ளினார்கள் என்று பார்ப்பவன் தானே கேட்பான். நீ ஒட்டாக்கை விட்டு இப்படியும் யோசிப்பாய் என்று நான் நினைக்கவில்லை தம்பி. ஆனால் எனக்குக் கடைசியில் போடுவதுதான் விருப்பம். கெட்டைப்போல நாமும் தெரியாமல் போய்ப் பிறகு தெரிந்துகொள்ள வேண்டும்.

பாய்மரம்

நடிகர் தேர்வைப் பற்றி ஒன்று. முதல் புத்தகத்தில் கெட் பையன், இரண்டில் வாலிபன், மூன்றில் தலை நரைக்கத் தொடங்கியவர். ஒரே நடிகருக்கு ஒப்பனை போடுவதைவிட மூன்று நடிகர்களைப் போடுவதே நல்லது. ரசிகர்கள் பெரிய நட்சத்திரங்களின் பெயரையே சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் தெரியாத முகங்களாகப் போடட்டும். தோணிக்குள் ஒரு முகத்தையே இவ்வளவு நேரம் பார்க்கப்போகிறோம். அந்த முகத்துக்குப் பின்னால் வேறு நாலு படம் ஓடக் கூடாது.

டிராகன்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோட்டைமான் விடமாட்டான். பென்டோர் தீவின் டிராகன் யெவாட் பேச வேண்டும். நெருப்புக் கக்குவதைவிட அது பேரம் பேசுவதுதான் பயம். டிராகன்களும் மந்திரவாதிகளும் பேசும் பழைய மொழியில் மனிதனால் பொய் சொல்ல முடியாது, டிராகனால் முடியும். குரலுக்கு நல்ல ஆள் வேண்டும், உறுமல் வேண்டாம்.

கோட்டைமான்

தமிழில் ஒலிமாற்றினால் அந்த டிராகன் "டேய் பொடியா" என்றுதான் தொடங்கும். ஓகியனுக்கும் வாய் அசையாத இடமெல்லாம் வசனம் எழுதி நிரப்புவார்கள்.

மூதூர்க்காரன்

ஓகியனுக்கு வசனம் போட்டால் நான் கோர்ட்டுக்குப் போவேன்.

தம்பிமாரே, இரண்டாவது புத்தகம் யாரிடமாவது இருக்கிறதா? என்னிடம் முதலும் மூன்றும்தான். வாசகி தங்கச்சி சொன்ன இருட்டைப் படிக்க வேண்டும்.

உப்புவெளி வாசகி

என்னிடம் இருக்கிறது நானா. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு டவுனுக்கு வந்தால் தருகிறேன். அட்டை பிய்ந்திருக்கும், உள்ளே முழுசாக இருக்கிறது.

கச்சான்காற்று

இவ்வளவு கதைத்தும் என் பந்தயத்துக்கு யாரும் கை கொடுக்கவில்லை. கார்காட் ராஜா முதல் பருவத்தில் வில்லனாக வருவார். வந்தால் நீங்கள் எல்லாரும் சேர்ந்து எனக்கு மட்டக்களப்பில் நண்டுக்கறிச் சாப்பாடு. வராவிட்டால் நான் திருமலைக்கு வந்து வாங்கித் தருகிறேன்.

பாய்மரம்

ஏற்றுக்கொண்டோம். நெறியாளர் சாட்சி.

நெறியாளர்

நெறியாளருக்கும் சாப்பாடு உண்டென்றால் சாட்சி.